கடை ஷட்டர் போடும் சத்தம்

தராசுக்கு முத்திரை இல்லாவிட்டால் அதிகாரி வந்து கேட்பார். லைசென்ஸ் புதுப்பிக்காவிட்டால் நோட்டீஸ் வரும். ஆனால் கடை ஷட்டரைக் கவனித்தீர்களா என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை. அதுவேதான் கேட்கிறது. காலையில் தூக்கும்போதும் இரவில் இறக்கும்போதும் அது போடுகிற சத்தம் நமக்கு வைக்கிற கோரிக்கை என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

திருவிதாங்கூர் காலத்துக் கடைகளில் நிரைப்பலகைகள்தான் கதவு. எண் போட்ட பலகைகளை ஒவ்வொன்றாகச் சட்டத்தில் நுழைத்து, குறுக்கே இரும்புப் பட்டை போட்டுப் பூட்டுவார்கள். அதில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. ஷட்டர் அப்படியல்ல, அது ஓர் இயந்திரம். கடைக்கு மட்டுமல்ல, வீட்டின் கீழ்த்தளத்தில் கிட்டங்கி வைத்திருப்பவர்களுக்கும் கார் நிறுத்துபவர்களுக்கும் இன்று அதுதான் கதவு.

சத்தம் எங்கிருந்து வருகிறது?

தகரப் பட்டிகள் ஒன்றோடொன்று கொக்கி போலக் கோத்திருக்கின்றன. இருபக்கமும் உள்ள கைடு சேனலுக்குள் அவை ஏறி இறங்குகின்றன. மேலே குழாயில் உள்ள ஸ்பிரிங், இறக்கும்போது முறுக்கேறி, தூக்கும்போது அந்த முறுக்கைத் திருப்பித் தந்து நம் பாரத்தைக் குறைக்கிறது.

‘கரகர’ என்றால் கைடுக்குள் தூசியும் மணலும் சேர்ந்திருக்கிறது. ‘கிறீச்’ என்றால் துருப்பிடித்து உலர்ந்த இரும்பு உரசுகிறது. ‘கடகட’ என்று குலுங்கினால் பட்டிகளின் ஓரக் கிளிப்புகள் கழன்று, பட்டி பக்கவாட்டில் நகர்ந்திருக்கலாம். மேலே ‘டங்’ என்று அடித்தால் பிராக்கெட் போல்ட் தளர்ந்திருக்கலாம், அல்லது ஸ்பிரிங்கில் கோளாறு இருக்கலாம். இந்தக் கடைசிச் சத்தத்தை ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது.

நம் ஊர்க் காற்று

ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்றைப் பற்றி நம் வணிகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தக் காற்றை நம்பித்தானே 1980-களின் பிற்பகுதியிலிருந்து முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் எழுந்தன! ஆனி, ஆடியில் அதே காற்று ரோட்டு மண்ணையும் செங்கல் சூளைத் தூசியையும் வாரிக்கொண்டு வந்து நம் கைடு சேனலில் கொட்டுகிறது.

அதனால் வேறு ஊருக்குச் சரியான வைத்தியம் நமக்குச் சரிப்படாது. சத்தம் வந்தவுடன் கைடு முழுக்கக் கிரீஸ் அப்புகிறவர்கள் பலர். இரண்டு நாள் சத்தம் நிற்கும். பிறகு கிரீஸில் மண் ஒட்டி, உப்புத்தாள் போல இரும்பை அறுக்கத் தொடங்கும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். நாளானால் பிசினாகிவிடும், எறும்பும் வரும். வண்டியிலிருந்து வடித்த கரி எண்ணெயைப் பலசரக்குக் கடை வாசலில் கொண்டுவரவே கூடாது. அரிசியும் சீனியும் தேயிலையும் அந்த வாடையை இழுத்துக்கொள்ளும்.

செய்ய வேண்டியது

முதலில் சுத்தம், பிறகுதான் எண்ணெய். வாசலோரச் சரக்குகளைத் தள்ளி வைத்து, மற்றதைத் தார்ப்பாயால் மூடுங்கள். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் கைடை மேலிருந்து கீழே தூசி தட்டுங்கள். பழைய கிரீஸ் இருந்தால் மண்ணெண்ணெயில் லேசாக நனைத்த துணியால் துடைத்து, நன்றாக உலர விடுங்கள். அந்த நேரத்தில் சாமி விளக்கோ சாம்பிராணியோ பக்கத்தில் இருக்கக் கூடாது.

உலர்ந்த கைடுக்குள் மெழுகுவர்த்தியைத் தேய்த்தால் போதும். கிராபைட் பொடியோ சிலிக்கான் ஸ்பிரேயோ கிடைத்தால் இன்னும் நல்லது. இவற்றில் தூசி அவ்வளவாக ஒட்டாது. பட்டிகள் கோக்கும் மூட்டுகளில் மெல்லிய மெஷின் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நாலைந்து முறை ஏற்றி இறக்கி, வழிந்ததைத் துடைத்துவிட வேண்டும். துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்து பெயின்ட் பூசலாம். ஆனால் கைடின் உட்புறம் பெயின்ட் கனமாகப் படிந்தால் ஷட்டர் இறுகிக்கொள்ளும். அடிச்சட்டத்தில் ரப்பர் பட்டை பொருத்தினால் தரையில் மோதும் சத்தம் அடங்கும், தூசியும் உள்ளே வராது.

காற்றில் இரவெல்லாம் ஷட்டர் படபடத்தால் இருபக்கப் பூட்டுகளையும் தவறாமல் போடுங்கள். கைடு தேய்ந்து இடைவெளி அதிகமாகியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். அகலமான வாசலுக்கு ஒரே பெரிய ஷட்டரைவிட, நடுவில் கழற்றக்கூடிய தூண் வைத்து இரண்டு சிறிய ஷட்டர் போடுவது காற்றுக்கும் தாங்கும், கைக்கும் எளிது.

ஸ்பிரிங்கில் கை வைக்காதீர்கள்

ஷட்டரைப் பாதி உயரத்துக்குத் தூக்கி, கையை எடுக்காமல் பிடியைத் தளர்த்திப் பாருங்கள். அநேகமாக அங்கேயே நின்றால் ஸ்பிரிங் நன்றாக இருக்கிறது. கீழே பாய்ந்தால் முறுக்கு குறைந்துவிட்டது. அப்படிப்பட்ட ஷட்டருக்குக் கட்டை முட்டுக் கொடுத்து வியாபாரம் செய்வதை எத்தனையோ ஊர்களில் பார்க்கிறோம். கட்டை நழுவினால் அடியில் நிற்பது வாடிக்கையாளராகவும் இருக்கலாம், மூட்டை சுமந்து வரும் தொழிலாளியாகவும் இருக்கலாம்.

இந்த ஒரு வேலையை மட்டும் நாமோ கடைப் பையனோ செய்யக் கூடாது. முறுக்கேறிய ஸ்பிரிங் அவிழ்ந்தால் கையை முறித்துவிடும். அனுபவமுள்ள ஷட்டர் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அவர் வரும் வரை அந்த ஷட்டரைத் தூக்காமல், பக்க வாசல் இருந்தால் அதில் வியாபாரம் நடக்கட்டும்.

சத்தம் வராமலிருக்க

உப்பு மூட்டையை ஷட்டரை ஒட்டி அடுக்காதீர்கள். கசியும் உப்புநீர் அடிச்சட்டத்தை அரித்துவிடும். வாசல் கழுவிய தண்ணீர் கைடின் அடியில் தேங்கக் கூடாது. கைடில் கயிறு கட்டி வாழைக்குலை தொங்கவிடாதீர்கள், மூடிய ஷட்டரில் மூட்டையைச் சாய்க்காதீர்கள். ஒரு மூலையைப் பிடித்து இழுக்காமல், நடுவில் இரு கையாலும் சீராக இறக்கப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். காலால் மிதித்து இறக்கும் வழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள்.

அக்கம்பக்கத்தாரையும் நினைக்க வேண்டும். தோவாளைப் பூ வியாபாரிகளும் கோட்டாறு சரக்கு ஏற்றுகிறவர்களும் விடியும் முன்பே கதவைத் திறப்பவர்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு நேரம். குடியிருப்புப் பகுதிக்கு அப்போது 45 டெசிபல்தான் வரம்பு. சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். மாடியில் தூங்கும் கைக்குழந்தையும் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையும் நம் வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளைகள்தானே!

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். ஆனி பிறக்கும் முன் ஒருமுறை மெக்கானிக்கை வைத்து ஸ்பிரிங், போல்ட், பேரிங் எல்லாம் பார்த்துவிடுங்கள். ஷட்டர் பாதியில் சிக்கிக்கொண்டால் அன்றைய வியாபாரம் போச்சு. மாதம் ஒரு மெழுகுவர்த்தியும் கொஞ்சம் மெஷின் ஆயிலும் அதைவிடப் பெரிய செலவா என்று நம் வணிக நண்பர்கள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.