எண்ணும் பொறிகள் – 14: புதுச் சில்லுக்குள் பழைய சாட்டர்ன்

வரைபடம் தீட்டும் கைக்கணிப்பானில் செயலியை மாற்றுவது சில்லொன்றைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவதோடு முடிவதில்லை. விசை அழுத்தத்தை உணர்வது முதல் சமன்பாட்டைத் தீர்ப்பது வரை அனைத்தையும் நடத்தும் உள்நிரலின் பெரும்பகுதி, குறிப்பிட்ட ஒரு செயலியின் கட்டளைகளிலேயே எழுதப்பட்டிருப்பதே அதற்குக் காரணம். ஹியூலெட்-பேக்கார்டு நிறுவனம் 2003இல் வெளியிட்ட ஹெச்பி 49ஜி+ இச்சிக்கலைக் கையாண்ட விதம் தனித்து ஆராயத்தக்கது.

1984இல் ஹெச்பி-71பியில் அறிமுகமான சாட்டர்ன் என்னும் செயலிக் குடும்பம், 1990இன் 48எஸ்எக்ஸ் வழியாக 1999இன் 49ஜி வரை தொடர்ந்தது. கணக்கின்போது எண்ணைத் தாங்கி நிற்கும் செயலியின் உள்ளறை பதிவகம் எனப்படும். சாட்டர்னின் 64 பிட் பதிவகம் நான்கு பிட் கொண்ட 16 கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒரு கட்டம் கூட்டல் கழித்தல் குறிக்கும், 12 கட்டங்கள் எண்ணின் இலக்கங்களுக்கும், எஞ்சிய மூன்று பத்தின் அடுக்குக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. இரும எண்முறையில் 0.1 என்பது முடிவுறாத் தொடராகிவிடுவதால், வழக்கமான கணினி அதைப் பத்து முறை கூட்டும்போது ஒன்றுக்கு மயிரிழை குறைவான விடை வரக்கூடும். இலக்கங்களைப் பதின்மமாகவே வைத்திருந்த சாட்டர்னில் விடை பிசகின்றி ஒன்றாகவே வந்தது.

49ஜி+ இல் அதன் இடத்தைப் பிடித்த ஆர்ம் செயலி, வினாடிக்கு 7.5 கோடி துடிப்புகளில், அதாவது 75 மெகாஹெர்ட்ஸில் இயங்கியது. 49ஜியின் வேகமோ ஏறத்தாழ 4 மெகாஹெர்ட்ஸ். ஆனால் ஆர்முக்குச் சாட்டர்னின் கட்டளைகளும் தெரியாது, பதின்மக் கூட்டலுக்கென்று தனிக் கட்டளையும் அதனிடம் இல்லை. ஆகவே உள்நிரல் முழுவதையும் திருப்பி எழுதுவதற்கு மாறாக, பழைய கட்டளை ஒவ்வொன்றையும் படித்து அதன் விளைவை ஆர்மின் கட்டளைகளால் நிகழ்த்திக்காட்டும் இடைநிரலொன்று அமைக்கப்பட்டது. எமுலேஷன் எனப்படும் இம்முறையில் பழைய கட்டளை ஒன்றுக்குப் புதிய கட்டளைகள் பல செலவாவதால், துடிப்பு ஏறத்தாழ 19 மடங்கு உயர்ந்தும் கணக்கின் வேகம் அவ்வளவு உயரவில்லை.

2006இல் வந்த 50ஜியும் இவ்வழியையே பின்பற்றியது. எனினும் எமுலேஷனைத் தாண்டி ஆர்முடன் நேரடியாகப் பேசும் சி மொழி நிரல்களை ஆர்வலர்கள் அதில் ஓட்டிக்காட்டினர். பின்னர் நியூஆர்பிஎல் என்னும் திட்டம், நிறுவனத்தின் உள்நிரலையே அகற்றிவிட்டு ஆர்மில் நேரடியாக இயங்கும் மாற்று உள்நிரலை உருவாக்கியது. ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் நடந்த இவ்வேலையின் பயன், புதுச் செயலி வாங்கியதற்கு நிகராக இருந்தது. 75 மெகாஹெர்ட்ஸ் கருவிக்குள் முதல் நாளிலிருந்தே இருந்தது, பழைய நிரல்களைக் காப்பதற்காக அதன் பெரும்பகுதி மொழிபெயர்ப்பு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

2013இல் வந்த ஹெச்பி பிரைம் சாட்டர்ன் கட்டளைகளையே கைவிட்டது. பழைய கட்டளைகளைக் கைவிடாமலேயே இசட்80 செயலியிலிருந்து இஇசட்80க்கு டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நகர்ந்த வழி அடுத்த இதழில் ஆராயப்படும்.