பொத்தானும் ஒரு பதிவுதான்

ஆய்வுக்கூடக் கருவிகளின் இருப்பேட்டை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். அட்டவணையை நேரே திறந்து, அவசரத்தில் ஒரு பதிவை அழித்துவிட்டால் மீட்க இயலாது. (எங்கள் கால்வனாமீட்டர்கள் ஒருநாள் அவ்விதம் மறைந்தன, ஏட்டில் மட்டும்!) ஆகவே பொத்தான்கள் கொண்ட முகப்புப் படிவம் ஒன்று தேவை. சுவிட்ச்போர்டு என்பது அதுவே. அழிக்கும் வசதியை நீக்கிய படிவங்களை மட்டுமே அது திறக்கும்படி அமைக்கவேண்டும்.

இதில் வேடிக்கை என்னவெனில், அப்பொத்தான்களும் ஓர் அட்டவணையில்தான் உறைகின்றன! பொத்தானின் சொற்கள், கட்டளை எண், திறக்கவேண்டியதன் பெயர் ஆகியவை சேர்ந்து ஒரு பதிவு. கட்டளை 2 எனில் படிவம் புதுப்பதிவுக்குத் திறக்கும். 3 எனில் திருத்துவதற்கு. 4 எனில் அறிக்கை வரும். 1 உங்களை வேறொரு பொத்தான் பக்கத்துக்கு அழைத்துச் செல்லும். அங்கிருந்து திரும்பிவர, அப்பக்கத்திலும் ஒரு 1 வேண்டுமல்லவா? பலர் மறப்பது இதைத்தான்.