வரப்பில் வைத்த கருவாடு

வயல் எலியை ஒழிக்க தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் கலவைகளில் ஒன்று இது: ஜிங்க் பாஸ்பைடு 1 பங்கு, பொரியோ அரிசியோ கருவாடோ 49 பங்கு. எலி லேசில் எதையும் நம்பாது. அதனால் முதலில் ஓரிரு நாள் மருந்து கலக்காத இரையை வைத்துப் பழக்கிவிட்டு, பிறகுதான் கலந்ததை வைப்பார்கள். நாய்க்கு அந்த முன்னேற்பாடுகூடத் தேவையில்லை, கருவாட்டு வாசனையே போதும். நாயின் உடல் எடையில் கிலோவுக்கு 20 முதல் 40 மில்லிகிராம் ஜிங்க் பாஸ்பைடு உயிரைப் பறிக்கும் என்கின்றன கால்நடை மருத்துவ நூல்கள். பத்துக் கிலோ நாய்க்கு மேற்சொன்ன கலவையில் 10 முதல் 20 கிராம் என்று வருகிறது. ஒரு கைப்பிடிகூட இல்லை. வரப்பைத் தாண்டும் வேகத்தில் ஒரு வாய்.

திருச்சி மாவட்டத்து முசிறியில் நாயோடு நடக்கக் கிளம்பினால் சற்று நேரத்தில் ஊர் முடிந்து வாழையோ கோரையோ நெல்லோ வந்துவிடும், அல்லது காவிரிக்கரை வந்துவிடும். நகரத்து நாய் வளர்ப்பு நூல்கள் சாக்லேட்டையும் திராட்சையையும் சொல்லி எச்சரிக்கின்றன. தவறில்லை, அவையும் நாய்க்கு ஆகாதவைதான். ஆனால் இந்த மண்ணில் நடைப்பாதையில் கிடக்கும் ஆபத்தில் பெரும்பகுதி யாரோ ஒருவர் தம் வேலைக்காக, ஒரு குறிப்பிட்ட பருவத்தில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் வைத்தது. ஆகவே எந்த வயலில் எப்போது எது வைக்கப்படுகிறது என்று கயிற்றைப் பிடித்திருப்பவர் தெரிந்துகொள்வதுதான் முதல் காவல். நாய்க்குக் கொடுக்கும் பயிற்சி அதற்கு அடுத்த இடத்தில்தான் வரும். நாய் பழக்குபவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். “விடு” என்றால் விட்டுவிடும்படி பழக்கிவிட்டால் கவலையே இல்லை என்பார்கள். எல்லா நாய்க்கும் பசி ஒரே மாதிரி இல்லை என்பது அந்த வாதத்தின் ஓட்டை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், லேப்ரடார்களில் ஏறக்குறைய கால் பங்குக்கு பி.ஓ.எம்.சி. என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லாமல் இருப்பதைக் கண்டார்கள். அந்த நாய்களுக்கு உணவின் மீது நாட்டம் அதிகம், எடையும் அதிகம். இன்று நம் ஊர்களில் பரவலாகத் தென்படும் இனங்களில் லேப்ரடாரும் ஒன்று.

வாழையை எடுத்துக்கொள்வோம். கன்று நடும்போது கிழங்கைச் சீவி, களிமண் குழம்பில் தோய்த்து, அதன் மேல் கார்போபியூரான் குருணையை ஒரு கிழங்குக்கு 40 கிராம் அளவில் தூவுவது நூற்புழுவைத் தடுக்கும் பழைய முறை. ஃபூரடான் என்றால் எல்லோருக்கும் புரியும். புதிதாகத் தோண்டிய ஈர மண்ணைக் கிளறாத நாய் அபூர்வம். மூக்கிலும் பாதத்திலும் ஒட்டிய குருணையை வீடு போய்ச் சேருமுன் நக்கியே உள்ளே இறக்கிவிடும். இதைவிடக் கடுமையான திம்மெட், அதாவது போரேட், 2018-ஆம் ஆண்டு மத்திய அரசு ஆணைப்படி 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டது. தடை வந்த அன்றே வீட்டுப் பரணிலும் மோட்டார் கொட்டகையிலும் இருந்த மிச்சம் ஆவியாகிவிடாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ரசாயனம் இல்லாத தோப்பு என்றால் நிம்மதியாகப் போகலாமா? அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அடியுரமாகப் போடும் பிண்ணாக்குகளில் ஆமணக்குப் பிண்ணாக்கும் ஒன்று. ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசின் எண்ணெயோடு போவதில்லை, சக்கையில்தான் தங்குகிறது. நன்றாகச் சூடுபடுத்தாத பிண்ணாக்கில் அதன் வீரியம் குறைவதும் இல்லை. பிண்ணாக்கு நாய்க்குத் தீனி மாதிரியே மணக்கும். மூட்டையைக் கிழித்துத் தின்று செத்த நாய்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகள் பல நாடுகளில் உண்டு. இயற்கை உரம் என்ற பெயர் நாயின் குடலுக்குத் தெரியாது.

நம் நாட்டு நாய்க்கு எதைத் தின்ன வேண்டும், எதை விட வேண்டும் என்று தானே தெரியும், சீமை நாய்தான் மூடத்தனமாக எல்லாவற்றையும் விழுங்கும் என்று ஊரில் சொல்வார்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் லேப்ரடார் போலக் குப்பையை மேய்வதில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கசப்பும் காரநெடியும் உள்ள இலைதழை விஷயத்தில்தான் அந்த அறிவு உதவும். எலி மருந்து வேறு ரகம். அது விஷமாகத் தெரியாமல் இருக்க வேண்டும், இரையாக மணக்க வேண்டும் என்றே தயாரிக்கப்படுகிறது. பல தலைமுறை தந்திரம் கற்ற வயல் எலியே அதில் விழும்போது நாயிடம் அதைவிடக் கூடுதல் விவேகத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

செடிகளைப் பற்றி நீளமாக எழுத வேண்டியதில்லை. அரளியில் எல்லாப் பாகமும் இதயத்தைத் தாக்கும். 2024 மே மாதம் கேரளத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைத் தவிர்க்கச் சொன்னது அதனால்தான். ஊமத்தையும் குன்றிமணியும்கூட நாய்க்கு நஞ்சுதான். வேலியோரச் செடியை வளர்ந்த நாய் தேடிப் போய்க் கடிப்பது குறைவு. பல் முளைக்கும் குட்டி கடிக்கும். அதைக் குட்டிக்காலத்தில் கவனித்தால் போதும்.

ஆற்றங்கரை வேறு கதை. 2020 ஜூனில் தொட்டியம் அருகே அழகரை கிராமத்தில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன், மீன் பிடிக்க வைத்திருந்த வெடிபொருளைத் தின்பண்டம் என்று நினைத்துக் கடித்து உயிரிழந்தான். 2021 ஜனவரியில் திருச்சியை அடுத்த ஜீயபுரம் பகுதியில் இறைச்சிக்குள் நாட்டு வெடியைப் பொதிந்து வைத்து ஒரு நரியைக் கொன்றதாகப் பன்னிரண்டு பேரை வனத்துறை கைது செய்தது. இவற்றை விஷக் கணக்கில் சேர்க்க முடியாதுதான். ஆனால் வாயில் பட்டால் உயிரைப் பறிக்கும் பொருள் இந்தக் கரைகளில் இருந்திருக்கிறது என்பதற்கு இரண்டுமே சாட்சி. மணல் திட்டில் நாயை அவிழ்த்துவிட்டு ஓடவிடுவது எவ்வளவு அழகாக இருந்தாலும், பார்வைக்கு எட்டாத தூரத்தில் அது எதை முகர்கிறது என்று தெரியாமல் விடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாய்க்கூடு போட்டால் இந்தத் தொல்லையே இல்லை, ஆனால் அது கொடுமையல்லவா என்று கேட்கிறார்கள். எந்த வாய்க்கூடு என்பதைப் பொறுத்தது. வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை கொடுமைதான், அதைவிட ஆபத்தும்கூட. நாய்க்குச் சூட்டைத் தணிக்க இருக்கும் முக்கிய வழி நாக்கைத் தொங்கவிட்டு இளைப்பது. சித்திரை வெயிலில் அந்த வாயை மூடினால் விஷம் தேவையே இல்லை. கூடை மாதிரி அகலமாக இருப்பதில் நாய் வாயைத் திறக்கலாம், இளைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், தரையில் கிடப்பதைக் கவ்வ மட்டும் சிரமப்படும். கதிரடிக்கும் மாட்டுக்கு வாய்க்கூடு போட்ட ஊரில் இதைப் பார்த்து யாரும் சிரிக்கப் போவதில்லை. அதையும் எப்போதும் போட வேண்டியதில்லை. வாழை நடவு நடக்கும் பக்கமும் எலி மருந்து வைத்திருக்கும் வாரங்களிலும் போதும். “விடு” பழக்கத்தையும் நான் ஒதுக்கவில்லை. ஆனால் நாய் எதையோ கவ்விவிட்டது என்றதும் கத்திக்கொண்டு பாய்ந்து வாயைப் பிளக்கப் போனால், பறிபோகிறதே என்று அது இன்னும் வேகமாக விழுங்கும். பையில் ஒரு துண்டு வேகவைத்த ஈரலை வைத்துக்கொண்டு, அதைக் காட்டி வாயில் இருப்பதைப் போட வைப்பதுதான் நடைமுறையில் பலிக்கும்.

வேண்டுமென்றே நாய்க்கு விஷம் வைப்பவரை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை, தெரு நாய் பற்றிய சச்சரவு முற்றும் இடங்களில் முதல் பழி சுமப்பது விஷம் கலந்த சோற்று உருண்டைதான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவு விலங்கைக் கொல்வதற்கும் விஷம் வைப்பதற்கும் ஐந்து ஆண்டு வரை சிறை என்கிறது. 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் இதைக் குற்றமாக்குகிறது. ஆனால் அதில் முதல் முறை குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரைதான், எலி மருந்தின் விலைகூட அதைவிட அதிகம். புகார் கொடுக்க வேண்டுமானால் வாந்தியையும் மிச்ச இரையையும் மூடிய டப்பாவில் எடுத்து வைத்து, நாய் இறந்திருந்தால் பிரேதப் பரிசோதனைக்கும் கேட்க வேண்டும். புதைத்த பிறகு நிரூபிப்பது கடினம்.

விவசாயியின் பக்கமும் இருக்கிறது. நாலு பேர் நாய் வளர்ப்பதற்காக அவர் நெல்லை எலிக்கு விட்டுக்கொடுக்க முடியாது. அவரிடம் கேட்க வேண்டியது மருந்தை எங்கே வைக்கிறார் என்பதைத்தான். வரப்பில் காகிதத்தில் பரப்பி வைத்த இரை நாய்க்கும் கோழிக்கும் மயிலுக்கும் பொது. எலி நடமாடும் வளைக்குள் போட்டு வாயை மண்ணால் அடைத்த இரை எலிக்கு மட்டும்தான். தஞ்சாவூர் கிட்டி என்னும் மூங்கில் வில்பொறியும், ஆந்தை வந்து உட்கார வயலில் நடும் தாங்கிக் கம்பும் விஷமே இல்லாமல் எலியைக் குறைக்கின்றன; அவற்றையும் வேளாண் துறை பல காலமாகச் சொல்லி வருகிறது. இதெல்லாம் ஒரே நாளில் மாறாது. ஆனால் வழக்கமாகப் போகும் பாதையில் நிலம் வைத்திருப்பவரிடம் “அண்ணே, மருந்து வச்சா ஒரு குரல் குடுங்க” என்று சொல்லி வைப்பதற்கு எந்தத் திட்டமும் வர வேண்டியதில்லை. வைத்த வரப்பில் ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டச் சொன்னாலும் கட்டுவார்.

இவ்வளவுக்கும் பிறகு நாய் தின்றுவிட்டால், உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல் என்று வீட்டு வைத்தியத்தில் இறங்கவே கூடாது. உப்பு அதிகமானால் அதுவே மூளையைப் பாதிக்கும். வலிப்பு கண்ட நாய்க்கு எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போகும். எலி மருந்து தின்ற நாய்க்குப் பாலும் சோறும் ஊட்டுவது அதைவிட மோசம். ஜிங்க் பாஸ்பைடு வயிற்று அமிலத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை வெளிவிடுகிறது, சாப்பாடு அந்த அமிலத்தைக் கூட்டும். அந்த வாயு தூக்கிச் செல்பவரையும் தாக்கும் என்பதால் காரில் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். எச்சில் ஒழுகல், ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிய கண்மணி, உடல் நடுக்கம் என்றால் பூச்சிமருந்தாக இருக்கலாம். அதற்கு அட்ரோபின் என்ற முறிவு மருந்து உண்டு, நிமிடங்கள்தான் கணக்கு. மருந்தின் உறை கிடைத்தால் அதைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். நச்சின் கடுமையைக் காட்டும் வண்ண முக்கோணமும், என்ன மருந்து, எது முறிவு என்பதும் அதில் அச்சாகியிருக்கும். உள்ளூர்க் கால்நடை மருத்துவமனை, அல்லது 1962 என்ற உதவி எண், அதற்கு மேல் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி.

எலி மருந்துகளில் புரோமடியோலோன் என்ற கேக் வகை மட்டும் வேறு மாதிரி ஏமாற்றும். தின்ற நாய் அன்றும் மறுநாளும் வாலாட்டிக்கொண்டு சாப்பிடும், வீட்டில் எல்லோரும் தப்பித்தது என்பார்கள். மூன்று முதல் ஐந்து நாளில் ஈறு வெளுத்து, மலம் கறுத்து, மூச்சு வாங்கத் தொடங்கும்போது உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். இதற்கு வைட்டமின் கே1 மாத்திரை மூன்று, நான்கு வாரம் விடாமல் தர வேண்டும். நாய் தெளிந்துவிட்டதென்று பத்தாம் நாள் நிறுத்துவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. கடைசி மாத்திரைக்கு இரண்டு நாள் கழித்து ரத்தம் உறையும் நேரத்தை மறுபடி பார்த்து, அது சரியாக இருந்தால்தான் மருத்துவர் சிகிச்சையை முடிப்பார்.