குடும்பங்களை அழைக்கும் துரித உணவுக்கடைகள்

விளம்பரமென்பது பண்டத்தின் குணத்தை எடுத்துரைப்பதென்று நம்மிற் பலர் எண்ணியிருக்கின்றோம். துரித உணவு விற்கும் பெருங் கம்பெனிகளின் விளம்பரங்களைச் சிறிது உற்று நோக்குவார்க்கு, அவற்றில் உணவைப்பற்றிய செய்தி மிகச் சொற்பமே என்பது புலனாகும். தந்தை, தாய், மக்கள் இருவர், ஒரு பாட்டி. அனைவர் முகத்தும் நகை. நடுவே ஒரு காகிதப் பெட்டி. பெட்டிக்குள் இருப்பது யாது என்பதினும், அதனைச் சூழ்ந்து அமர்ந்திருப்போர் யாவர் என்பதே அங்கு முதன்மை பெறுகின்றது. கடலூரிலும் சிதம்பரத்திலும் வாழும் நாமும் இவ்வழைப்புக்கு இலக்காகியிருத்தலின், இதன் வரலாற்றையும் இயல்பையும் ஆராய்தல் தகுமெனக் கருதுகின்றோம்.

அமெரிக்க நாட்டில் கலிபோர்னியாவைச் சார்ந்த சான் பெர்னார்டினோ நகரில், 1940 ஆம் ஆண்டில் மக்டொனால்ட் சகோதரர் இருவர் ஓர் உணவுச்சாலை நிறுவினர். மோட்டாரில் வந்து நிற்போர்க்கு இளம்பெண்கள் வண்டியண்டையே உணவு கொணர்ந்து தருதல் அக்காலத்து வழக்கம். அப்பெண்களை நாடி வாலிபர் கூட்டம் அங்குத் திரண்டது. அக்கூட்டத்தைக் கண்டு குடும்பத்தினர் ஒதுங்கிப் போயினர். 1948 இல் சகோதரர் தம் கடையைச் சில திங்கள் மூடி, பணிப்பெண்களை நீக்கி, பீங்கான் தட்டுக்குப் பதிலாகக் காகிதத்தைக் கொண்டு, பண்டங்களின் எண்ணிக்கையை ஒன்பதாகக் குறைத்து, விலையையும் தாழ்த்தி மீண்டும் திறந்தனர். விரைவு என்பது இம்மாறுதலின் ஒரு பயன். வாலிபர் கூட்டத்தைக் கலைத்துக் குடும்பங்களை வருவித்தது மற்றொன்று. 1955 இல் இல்லினாய் மாகாணத்தில் இக்கடையின் கிளையொன்றைத் திறந்த ரே கிராக் என்பார், இசைப்பெட்டியும் சிகரெட் விற்கும் பொறியும் தம் கடைகளில் இருத்தலாகாதென விலக்கியதும் இக்கருத்துப் பற்றியே. அவர் விமானத்திற் பறந்து, பள்ளிக்கூடங்கள் எங்கெங்குள்ளன என்று நோக்கிக் கடைக்கு இடம் தேர்ந்தனர் என்றும் கூறுவர்.

குடும்பத்தின் திறவுகோல் குழந்தை. 1963 இல் ரொனால்ட் என்னும் கோமாளி தொலைக்காட்சியில் தோன்றினான்; 1979 இல் விளையாட்டுப் பொம்மையோடு கூடிய குழந்தை உணவுப் பெட்டி வந்தது. குழந்தை தனியே வாராது. அதனை அழைத்து வரும் பெற்றோரும் உண்ணுவர். ஆயினும் குழந்தையின் பிடிவாதம் ஒன்றே போதாது. பெரியோர்க்கும் ஒரு காரணம் வேண்டும். நாள் முழுதும் உழைத்த தாய்க்கும் தந்தைக்கும் இன்று ஓய்வு உரியதென்று 1971 இல் அக்கம்பெனி வெளியிட்ட விளம்பரங்கள் பாடின. குற்றவுணர்ச்சியை உரிமையாக மாற்றிய சாதுரியம் இது. சமைக்க இயலாத அயர்ச்சி மெய்யானது. அதற்கு வழங்கப்பட்ட மருந்துதான் விலைக்குரியது.

இவ்வுத்தி நம் நாட்டார்க்குப் புதியதென்று கருதற்க. 1930 ஆம் ஆண்டுகளில் உலக வாணிபம் நலிந்து தேயிலையின் விலை வீழ்ந்தபோது, தோட்ட முதலாளிகளின் நோக்கு உள்நாட்டு வீடுகளின்மேல் திரும்பிற்று. 1937 முதல் இந்தியத் தேயிலைச் சந்தை விரிவுக் குழு எனப் பெயர் பூண்ட அமைப்பினர் ஊர்தோறும் வண்டிகளோடு சென்று இலவசமாகத் தேநீர் வழங்கினர்; அதனைக் காய்ச்சும் முறையைப் படத்தோடு தாய்மொழிகளில் பலகைகளில் எழுதி வைத்தனர். இல்லத்தரசி தேநீர் வார்க்க, இல்லத்தார் சூழ்ந்திருக்கும் படங்களை வெளியிட்டனர். 1947 இல் தேநீர் முழுச் சுதேசிப் பொருளென்று இராட்டை நூற்கும் பெண்ணின் படத்தோடு ஒரு சுவரொட்டியும் எழுந்தது. அந்நியத் தோட்டக்காரன் பண்டம் ஒரு தலைமுறைக்குள் நம் பாட்டியின் பானமாயிற்று!

இந்தியாவில் கே.எப்.சி. 1995 இல் பெங்களூரிலும், மக்டொனால்ட்ஸ் 1996 அக்டோபரில் டில்லியிலும் முதற்கடை திறந்தன. பின்னது இங்கு மாட்டிறைச்சியையும் பன்றியிறைச்சியையும் முற்றும் விலக்கியது. சைவ உணவுக்கும் புலாலுணவுக்கும் தனித்தனியே சமையற்பகுதி வகுத்தது. ஒரு வீட்டில் பேரன் கோழி விரும்பினும், பாட்டி சைவமாயின் குடும்பம் முழுவதும் வேறு கடைக்குச் சென்றுவிடும். பாட்டியின் மறுப்பை நீக்கினாலன்றிப் பேரனின் காசு கிட்டாது. உருளைக்கிழங்கு வடைபோன்ற ஒன்றை ரொட்டிக்கிடையில் வைத்து விற்றதன் மர்மம் இதுவே. 2004 இல் 20 ரூபாய் விலையில் சில பண்டங்கள் வெளிவந்தன. டாமினோஸ் கம்பெனியோ, 30 நிமிடத்துள் வீட்டிற் சேர்க்காவிடின் விலையில்லை என வாக்களித்து, அடுக்களைக்கே போட்டியாயிற்று.

மலிவு விலைப் பண்டம் வாயிலை மட்டுமே திறக்கின்றது. உள்ளே சென்றபின், பொரித்த கிழங்கும் சர்க்கரைப் பானமும் சேர்த்த 'காம்போ' கண்முன் நிற்கும்; இலாபம் பெரும்பாலும் அவ்விரண்டிலேயே உள்ளது. நால்வர்க்கெனக் கட்டப்பட்ட பெட்டியை மூவர் உள்ள குடும்பமும் வாங்கும். நான்காமவர் பங்கையும் அம்மூவரே உண்பர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இக்கடைகளை முற்றும் பழித்தல் நம் கருத்தன்று. சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவுச்சாலையின் பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கக் கோரி 1957 இல் பெரியார் ஈ.வெ.ரா. மறியல் நடத்த வேண்டியிருந்த நாடு இது. வரிசையில் நிற்பார் யாவராயினும் ஒரே விலை, ஒரே தட்டம், ஒரே மேசை என்னும் நிலையைப் புதிய கடைகளிற் கண்டு மகிழ்வோர் உளர். அம்மகிழ்ச்சியை நாம் எள்ளல் தகாது. குளிர்ந்த கூடமும், தூய கழிப்பிடமும் பெண்டிரோடும் முதியோரோடும் வருவார்க்குப் பெரிய உதவி. நம் ஊர்ச் சிற்றுண்டிச்சாலைகள் பல, குடும்பத்தினர்க்கென ஓர் அறையைத் தடுத்து விடுவதோடு தம் கடமை தீர்ந்ததென எண்ணிவிட்டன.

எனினும் சிதம்பரத்துக் கொத்சுக்கு விளம்பரம் செய்வார் எவர்? நடராசர் சந்நிதியில் சம்பா சாதத்தோடு நிவேதனமாகும் அக்கத்தரிக்காய்க் குழம்பு, இட்டிலியோடு இணைந்து இல்லங்களில் இன்றும் வழங்குகின்றது. அதற்குக் கோமாளியுமில்லை, பொம்மையுமில்லை. கற்பிப்பதற்குப் பாட்டி ஒருத்தியே உண்டு.

அரசாங்கம் இவ்வாணிபத்திற்குச் சில வரம்புகள் இட்டுள்ளது. பத்து இடங்களிலேனும் கிளையுடைய உணவுக்கடைகள் ஒவ்வொரு பண்டத்திற்கும் உரிய கலோரி அளவை விலைப்பட்டியலிற் காட்ட வேண்டுமென்பது 2020 ஆம் ஆண்டின் விதி. 2022 இல் நடைமுறைக்கு வந்தது. குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சிகளிடையே நொறுக்குத் தீனி விளம்பரம் கூடாதென்பது 2022 இல் வெளியான நெறிமுறை. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவைப் பள்ளி வளாகத்துள்ளும், அதன் வாயிலிலிருந்து 50 மீட்டர் எல்லைக்குள்ளும் விற்றலையும் விளம்பரஞ் செய்தலையும் தடுக்கும் விதியும் 2020 இல் இயற்றப்பட்டது. பள்ளி என்பதே அவ்விதியின் சொல். பதினெட்டு வயது நிரம்பி, தந்தையார் அனுப்பிய பணத்தைத் தாமே செலவிடத் தொடங்கும் நம் மாணவர் நாடோறும் நுழையும் கல்லூரி வாயிலுக்கு அவ்வெல்லை இல்லை.