ஸ்டிக்கர் கிழிந்தால் வாரண்டி போகாது

வீடியோ கேம் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், திருகாணியை மூடியபடி சின்னதாக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது பல காலமாக வழக்கம். அதை அகற்றினால் வாரண்டி ரத்து என்று அதில் அச்சிட்டிருக்கும். அதைப் படித்துவிட்டு ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்த அமெரிக்கர்கள் ஏராளம். உள்ளே விசிறியில் படிந்த தூசியைத் துடைப்பதற்குக்கூடக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும் என்று அவர்கள் நம்பிவிடுகிறார்கள். அந்த ஸ்டிக்கருக்குச் சட்டத்தில் மதிப்பில்லை.

1975-இல் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட மேக்னஸன்-மாஸ் வாரண்டி சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. எழுத்துப்பூர்வமாக வாரண்டி தரும் கம்பெனி, தன் பாகத்தைத்தான் போட வேண்டும், தன் ஆளிடம்தான் ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும் என்று நிபந்தனை போட முடியாது. அந்தப் பாகத்தையும் சர்வீஸையும் இலவசமாகக் கொடுத்தாலோ, அரசிடம் தனி அனுமதி வாங்கியிருந்தாலோ மட்டும் அது வேறு. இன்னொரு பக்கமும் உண்டு. வாடிக்கையாளர் வெளியில் வாங்கிப் போட்ட மட்டமான பேட்டரியால்தான் போன் கெட்டது என்றால், அந்தச் சேதத்தைச் சரிசெய்து தரக் கம்பெனி மறுக்கலாம். ஆனால் அதைக் காட்ட வேண்டிய பொறுப்பு கம்பெனியுடையது. பேட்டரியை மாற்றியதைச் சாக்காக வைத்து, சம்பந்தமே இல்லாத ஸ்பீக்கருக்குக் கையை விரிக்க முடியாது.

சட்டம் வந்து நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் ஸ்டிக்கர்கள் ஒட்டப்பட்டுக்கொண்டேதான் இருந்தன. எஃப்.டி.சி. எனப்படும் மத்திய வர்த்தக ஆணையம் 2018-இல் சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ, ஆசுஸ், எச்.டி.சி., ஹூண்டாய் ஆகிய ஆறு நிறுவனங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. 2022-இல் ஹார்லி-டேவிட்சன் மோட்டார் சைக்கிள், வெபர் அடுப்பு, வெஸ்டிங்ஹவுஸ் பெயரில் விற்கும் ஜெனரேட்டர் ஆகியவற்றின் தயாரிப்பாளர்கள்மீது நடவடிக்கை எடுத்து, வெளியில் ரிப்பேர் செய்தாலும் வாரண்டி போகாது என்று வாடிக்கையாளர்களுக்கு அவர்களையே சொல்லவைத்தது. 2024-இல் மறுபடியும் எட்டு நிறுவனங்களுக்குக் கடிதம் போனது.

ஸ்டிக்கரையாவது நகத்தால் கிழித்துவிடலாம். மென்பொருள் பூட்டை என்ன செய்வது? இன்றைய போன்கள் பலவற்றில் திரை, பேட்டரி, கேமரா ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை எண் உண்டு. அந்த எண் போனின் தாய்ப்பலகையோடு பிணைக்கப்பட்டிருக்கும். இரண்டு புத்தம்புது ஐபோன்களை வாங்கி, ஒன்றின் அசல் திரையைக் கழற்றி மற்றொன்றில் மாட்டினாலும், இது வேறு பாகம் என்று போன் கண்டுகொள்ளும். 2021-இல் ஐபோன் 13 வந்தபோது, கம்பெனிக்கு வெளியே திரையை மாற்றினால் முகம் பார்த்துத் திறக்கும் வசதியே நின்றுபோனது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு, அந்த ஆண்டின் இறுதியில் வந்த மென்பொருள் அப்டேட்டில்தான் அது சரியானது.

பேட்டரி கதை இன்னும் கசப்பானது. பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. தேய்ந்த பேட்டரியால் போன் திடீரென அணைந்துபோகாமல் இருக்கவே அப்படிச் செய்தோம் என்பது அதன் விளக்கம். ஆனால், பேட்டரியை மாற்றினாலே பழைய வேகம் திரும்பிவிடும் என்பது தெரியாமல் புதுப் போனே வாங்கியவர்கள் உண்டு. 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றும் கட்டணம் 29 டாலராகக் குறைந்தது. வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கு 2020-இல் 50 கோடி டாலர் வரையிலான சமரசத்தில் முடிந்து, 2024-இல் ஒரு கோரிக்கைக்குச் சுமார் 92 டாலர் கிடைத்தது.

2022-இல் வீட்டிலேயே ரிப்பேர் செய்துகொள்ளும் திட்டம் ஒன்றை ஆப்பிள் தொடங்கியது. வாரத்துக்கு 49 டாலர் வாடகையில் கருவிகள் தபாலில் வந்தன. கையளவு போனைத் திறப்பதற்கு வந்து இறங்கியவை இரண்டு பெரிய பெட்டிகள், மொத்த எடை சுமார் 36 கிலோ! சாமானியர் ஒருவர் சமையலறை மேசையில் வைத்துச் செய்துகொள்ளட்டும் என்று வகுத்த திட்டமாக அது தெரியவில்லை.

இந்த இடத்தில்தான் அரசியல் நுழைகிறது. அமெரிக்காவில் குடியரசுக் கட்சியும் ஜனநாயகக் கட்சியும் ஒரே பக்கம் நிற்கும் விஷயங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்று பழுதுபார்க்கும் உரிமை, அதாவது உதிரிபாகம், கருவி, கையேடு ஆகியவற்றைக் கம்பெனிகள் வெளியாருக்கும் கொடுத்தாக வேண்டும் என்ற கோரிக்கை. தொடக்கம் காரில்தான். மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இல் இதை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டபோது, ஏறத்தாழ 86 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். 2021 ஜூலையில் அதிபர் பைடன் தன் நிர்வாக ஆணையில் இந்த உரிமையைச் சேர்த்தார். அதே மாதம் எஃப்.டி.சி.யின் ஐந்து உறுப்பினர்களும் கட்சி வேறுபாடின்றி ஒருமனதாக ஆதரவுத் தீர்மானம் போட்டார்கள்.

ஆனாலும் நாடு முழுமைக்குமான சட்டம் வரவில்லை. மாநிலம் மாநிலமாகத்தான் கிடைத்தது. நியூயார்க்கில் 2022-இல் சட்டமன்றத்தின் இரு அவைகளும் பெரும்பான்மையோடு மசோதாவை நிறைவேற்றின. ஆளுநர் கேத்தி ஹோக்குல் ஆண்டின் கடைசி நாட்களில் கையெழுத்திடும்போது சேர்த்த திருத்தங்களில் அதன் பல் பாதி உதிர்ந்துவிட்டது. 2023 ஜூலை 1-க்கு முன்பு விற்ற கருவிகள் வெளியே போயின. கம்பெனிகள் தனிப் பாகமாகக் கொடுக்காமல், சேர்த்துக் கட்டிய தொகுப்பாகவே கொடுக்கவும் வழி பிறந்தது.

கலிஃபோர்னியாவின் சட்டம் அதைவிட உறுதியானது. 2021 ஜூலை 1-க்குப் பிறகு தயாரான பொருளின் விலை 100 டாலர் அல்லது அதற்கு மேல் என்றால், தயாரிப்பை நிறுத்திய பின்னும் 7 ஆண்டுகள் வரை உதிரிபாகம், கருவி, கையேடு ஆகியவற்றை நியாயமான விலையில் கொடுத்தாக வேண்டும். 50 முதல் 100 டாலருக்குள் இருப்பவற்றுக்கு 3 ஆண்டுகள். போன், கம்ப்யூட்டர் மட்டுமல்ல, ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் இதில் அடங்கும். வீடியோ கேம் பெட்டி அடங்காது. மின்னசோட்டா, ஓரிகன், கொலராடோ, வாஷிங்டன், டெக்சாஸ் மாநிலங்களும் சட்டம் இயற்றியுள்ளன. 2025 முதல் தயாராகும் கருவிகளில், பாகங்களை வரிசை எண்ணால் பிணைத்துப் பூட்டுவதை முதன்முதலில் தடைசெய்தது ஓரிகன். கலிஃபோர்னியா மசோதாவை ஆதரித்த ஆப்பிள், அடுத்த ஆண்டே ஓரிகன் மசோதாவை எதிர்த்தது. பூட்டில் கை வைக்கும்வரைதான் கம்பெனிகளின் ஆதரவு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

விலையையும் வரியையும் பொறுப்போடு கட்டும் மக்களுக்கு, எந்த மாநிலத்தில் வீடு, எந்த மாதத்தில் தயாரிப்பு என்பதைப் பொறுத்து உரிமை மாறுவது அநியாயம். விவசாயிகளுக்கு இது வயிற்றுப் பிரச்சினை. அறுவடை நேரத்தில் டிராக்டரின் கணினி ஒரு பிழைக் குறியீட்டைக் காட்டி நின்றுவிட்டால், அதை முழுமையாகப் படித்துச் சரிசெய்யும் மென்பொருள் பெரும்பாலும் டீலரிடம்தான் இருக்கிறது. அவர் வரும்வரை பயிர் காத்திருக்காது. இதற்காகத்தான் எஃப்.டி.சி. 2025 ஜனவரியில் ஜான் டீர் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது. கொலராடோவில் 2024 முதல் பண்ணை இயந்திரங்களுக்கென்றே தனிச் சட்டம் அமலில் உள்ளது.

உரிமை இருக்கிறது என்பதற்காக எதையும் திறந்துவிடக் கூடாது. வீங்கிய லித்தியம் பேட்டரியைக் குத்தினாலோ வளைத்தாலோ தீப்பிடிக்கும். அதைக் குப்பைத் தொட்டியில் போடாமல், உள்ளூர் நிர்வாகத்தின் அபாயக் கழிவு மையத்தில் ஒப்படைக்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பின் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். கார் நிறுத்தும் அறைக் கதவுக்கு மேலே இறுக்கி முறுக்கிய ஸ்பிரிங்கும் அதே அளவு ஆபத்தானது. இவை மூன்றையும் தொழில் தெரிந்தவரிடமே விட வேண்டும்.

இன்னொரு ஆபத்து, போனுக்குள் இருக்கும் தகவல். வெளிக்கடைக்காரர்களை நம்பாதீர்கள் என்று கம்பெனிகள் பயமுறுத்துவது வழக்கம். ஆனால் 2016-இல் ஆப்பிளின் ஒப்பந்த மையத்தில் ரிப்பேருக்குக் கொடுத்த போனிலிருந்து, ஓரிகன் மாணவி ஒருவரின் அந்தரங்கப் படங்களை அங்கிருந்த ஊழியர்களே அவருடைய ஃபேஸ்புக் பக்கத்தில் வெளியிட்டார்கள். ஆப்பிள் பெருந்தொகை கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. எங்கே கொடுத்தாலும் முதலில் பேக்கப் எடுத்துவிட்டு, முடிந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கொடுப்பதே பாதுகாப்பு. சாம்சங், பிக்சல் போன்களில் சொந்தத் தகவலை மறைத்துவைக்கும் ரிப்பேர் வசதி தனியாகவே இருக்கிறது. கடைக்காரர் பாஸ்வேர்டு கேட்டால், எதற்கு என்று கேட்க வேண்டும்.

சரி, வாரண்டி கிடையாது என்று கவுண்டரில் சொல்லிவிட்டால்? வாய்ப்பேச்சை ஏற்க வேண்டாம். மறுப்பதற்கான காரணத்தை மின்னஞ்சலில் கேட்க வேண்டும். வெளியில் போட்ட பாகம்தான் இந்தப் பழுதை உண்டாக்கியது என்பதற்கு என்ன ஆதாரம் என்றும், மேக்னஸன்-மாஸ் சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டும் எழுத வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் எஃப்.டி.சி.யிலும் இணையத்தில் புகார் செய்யலாம். எஃப்.டி.சி. தனிநபர் தகராறைத் தீர்த்துவைக்காது. ஆனால் எந்தக் கம்பெனிமீது புகார் குவிகிறது என்பதைப் பார்த்து அது விசாரணையில் இறங்கலாம்.

கடைசி வழி சிறு வழக்கு நீதிமன்றம். கலிஃபோர்னியாவில் தனிநபர் 12,500 டாலர் வரை அங்கே கேட்கலாம். பெரும்பாலான வழக்குகளுக்குத் தாக்கல் கட்டணம் 30 முதல் 75 டாலர்தான். இரு தரப்புக்கும் அங்கே வழக்கறிஞர் வாதாட முடியாது என்பதால், பெரிய கம்பெனியும் தன் ஊழியரைத்தான் அனுப்ப வேண்டும். பில், வாரண்டித் தாள், கம்பெனியின் மறுப்பு மின்னஞ்சல், பழைய பாகம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி வையுங்கள். மாணவர் விசாவிலோ வேலை விசாவிலோ தங்கியிருக்கும் நம்மவர்கள், இதெல்லாம் குடிமக்களுக்குத்தான் என்று ஒதுங்கிவிட வேண்டாம். அந்த நீதிமன்றத்தில் வழக்குப் போடக் குடியுரிமை தேவையில்லை.