பழக்கூடையில் பிறந்த பந்தாட்டம்

ஹங்கேரி தேசத்தில், திஸா நதிக்கரையில், ஸோல்னோக் என்று ஒரு பட்டணம் இருக்கிறது. 1959-ம் வருஷத்தில் அங்கே ஒரு கூடைப்பந்துச் சங்கம் தோன்றியது. "ஸோல்னோக்கி ஓலாய்" என்பது அதன் பெயர். "ஓலாய்" என்றால் அவர்கள் பாஷையில் எண்ணெய் என்று அர்த்தம். அதே தேசத்தில் டான்யூப் நதியோரமுள்ள பாக்ஷ் என்னும் ஊரிலோ, அவ்வூர் அணுமின் நிலையத்தின் பெயரையே பந்தாட்டச் சங்கத்துக்குச் சூட்டியிருக்கிறார்கள். எண்ணெய்க்கும் மின்சாரத்துக்கும் பந்தாட்டத்துக்கும் என்ன உறவு என்று நேயர்கள் கேட்கலாம். உறவு இருக்கிறது. அது வயிற்றின் வழியாக வந்த உறவு.

அந்நாளைய ஹங்கேரியில், விளையாட்டுக்காக மட்டும் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர் என்று சட்டப்படி ஒருவரும் கிடையாது. தொழிற்சாலையோ அரசாங்க இலாகாவோ அவர்களை உத்தியோகஸ்தர்களாக வைத்துக்கொண்டது. மாதச் சம்பளம் அங்கிருந்து வந்தது. ஆட்டம் மைதானத்தில் நடந்தது. இந்த ஏற்பாட்டில் வளர்ந்தவர்கள்தாம் 1955-ம் வருஷத்தில் புடாபெஸ்ட் நகரில் ஐரோப்பியச் சாம்பியன் பட்டத்தை வென்றார்கள். பிற்பாடு 1989-ல் ஆட்சி முறை மாறியது. சங்கங்கள் பணம் கொடுத்து ஆட்டக்காரர்களை அமர்த்தும் முழுத் தொழில் ஸ்தாபனங்களாயின. பழைய பெயர்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

இது எங்கேயோ தூர தேசத்துக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். மூலக்கொத்தளத்திலிருந்து பேசின் பாலத்தைத் தாண்டி மேற்கே போனால், இதே கதையைப் பெரம்பூரிலும் கேட்கலாம். அதைச் சொல்வதற்கு முன்னால் இந்த ஆட்டம் பிறந்த விதத்தைச் சிறிது சொல்ல வேண்டும்.

1891-ம் வருஷம் டிசம்பர் மாதம். அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்னும் ஊரில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தார் ஒரு பயிற்சிப் பள்ளியை நடத்தி வந்தனர். வெளியே பனி. மாணவர்களோ கூடத்துக்குள் கவாத்துப் பழகி அலுத்துப் போயிருந்தனர். அவர்களுக்கு ஏற்ற ஓர் உள்ளரங்க ஆட்டத்தைக் கண்டுபிடிக்கும்படி, கனடாவில் பிறந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியருக்கு உத்தரவாயிற்று. அவர் இரண்டு பீச் பழக்கூடைகளைப் பத்தடி உயரத்தில் மேல்மாடக் கைப்பிடியில் அடித்தார். பதின்மூன்று விதிகள் எழுதினார். பக்கத்துக்கு ஒன்பது பேரை நிறுத்தி ஆடச் சொன்னார். கூடையில் விழுந்த பந்தை ஏணி வைத்து ஏறி எடுக்க வேண்டியிருந்தது! மறு வருஷமே ஸெண்டா பெரென்ஸன் என்னும் ஆசிரியை, பக்கத்து ஊர் ஸ்மித் கல்லூரிப் பெண்களுக்கு இதைக் கற்பித்தார். ஆகவே, பெண்களுக்கு இது பிறகு கொடுத்த பிச்சையன்று. ஆட்டம் தொட்டிலில் கிடந்தபோதே அவர்களுக்கும் சொந்தமாகிவிட்டது.

வாலிபர் சங்கம் போன தேசமெல்லாம் கூடைப்பந்தும் போயிற்று. சென்னையில் அச்சங்கம் 1890-லேயே ஏற்பட்டிருந்தது. ஐகோர்ட்டுக்கு எதிரே எஸ்பிளனேடில் நிற்கும் அதன் சிவப்புக் கட்டடத்தை வட சென்னைவாசிகள் அறிவார்கள். ஆனால் இந்த மாகாணத்தில் தேகப் பயிற்சி என்பதை ஒரு படிப்பாகவே ஆக்கியவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். அவர் 1920-ல் சென்னையில் தேகப் பயிற்சி ஆசிரியர்களுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். இன்று நந்தனத்தில் அடையாற்றங்கரையில் உள்ள கல்லூரி அதுவே. 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயங்களுக்குச் சென்ற இந்தியக் கோஷ்டிக்கு அவரே நிர்வாகி. 1943-ல் அவர் காலமானார்.

பக் செய்த காரியத்தின் பெருமை எங்கே இருக்கிறது? அவர் ஆட்டக்காரர்களை மட்டும் தயாரிக்கவில்லை. ஆட்டத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்களைத் தயாரித்தார். அந்த ஆசிரியர்கள் ஊர் ஊராகப் போய்ப் பள்ளிக்கூட முற்றங்களில் இரண்டு கம்பங்களை நட்டார்கள். 1934-ல் டில்லியில் முதல் தேசியப் போட்டி நடந்தது. 1936-ல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்துக்கு இடம் கிடைத்தது. நெய்ஸ்மித் தாமே நேரில் வந்து பார்த்தார். தேசம் சுதந்திரம் அடைந்த பின்னர், 1950-ல் இந்தியக் கூடைப்பந்துச் சம்மேளனம் அமைந்தது.

சரி, பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஆட்டக்காரன் எங்கே போவான்? இங்கேதான் ஹங்கேரியின் கதையும் நம்முடைய கதையும் சந்திக்கின்றன. 1955-ம் வருஷம் அக்டோபர் 2-ம் தேதி பெரம்பூரில் ஐ. சி. எப். என்னும் ரயில் பெட்டித் தொழிற்சாலையைப் பண்டித நேரு திறந்து வைத்தார். பெட்டி செய்யும் அந்த ஆலை, கூடைப்பந்து அணி ஒன்றையும் சேர்த்துக்கொண்டது. தென்னக ரயில்வே, இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்கு, இந்தியன் பாங்கு, சுங்க இலாகா, வருமான வரி இலாகா ஆகியவையும் அவ்வாறே அணிகள் வைத்தன. உயரமும் வேகமும் உள்ள ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஒரு குமாஸ்தா நாற்காலி கிடைத்தது. வயதான காலத்தில் பென்ஷனுக்கும் வழி பிறந்தது.

இதன் பலனுக்கு இரண்டு பெண்மணிகளையே உதாரணம் காட்டலாம். சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை தென்னக ரயில்வேயில் வேலை பார்த்துக்கொண்டே இந்திய அணிக்குத் தலைமை வகித்தார். ஒன்பது ஆசியச் சாம்பியன் போட்டிகளில் ஆடினார். 2021-ல் பத்மஸ்ரீ விருது அவருக்கு அளிக்கப்பட்டது. கேரளத்தில் பிறந்து அதே ரயில்வேக்கு ஆடிய கீது அன்னா ஜோஸ், ஆஸ்திரேலியாவில் ஒரு தொழில்முறைச் சங்கத்தில் ஆடினார். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் லீகைச் சேர்ந்த மூன்று அணிகள் அவரைப் பரீட்சித்துப் பார்க்க அழைத்தன.

சம்பளத்துக்கு ஆடும் தொழில்முறை லீகுகள் நம் நாட்டில் வராமல் இல்லை. 2015-ல் ஒன்று தோன்றியது. சென்னை ஸ்லாம் என்ற அணியும் அதில் இருந்தது. 2017-க்குப் பிறகு அந்த லீக் ஓய்ந்துவிட்டது. 2022-ல் வேறொன்று வந்தது. அதில் சென்னை ஹீட் என்று ஓர் அணி. இவற்றை வரவேற்க வேண்டியதுதான். ஆனால் இரண்டு வருஷத்தில் அணைந்து போகக்கூடிய விளக்கை நம்பி எந்தத் தகப்பனார் தம் பிள்ளையின் படிப்பை விடச் சொல்வார்? ஆலையும் பாங்கும் கொடுத்த உத்தியோகத்துக்கு ஆடம்பரம் இல்லை, ஸ்திரம் இருந்தது. அந்த உத்தியோகங்களைக் குறைப்பது, செலவுக் கணக்கில் ஒரு வரியை அடிப்பது போல் தோன்றலாம். உண்மையில் அது ஒரு வாலிபனின் வாழ்க்கைப் படியை அகற்றுவதாகும்.

மற்றொரு கணக்கையும் போட்டுப் பார்ப்போம். கால்பந்து மைதானம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் வேண்டும். கூடைப்பந்துக் களத்துக்கு 28 மீட்டரும் 15 மீட்டரும் போதும். பரப்பளவில் ஒரு கால்பந்து மைதானம் பதினேழு கூடைப்பந்துக் களங்களுக்குச் சமம். ரயில் பாதைகளுக்கும் அடுக்கு வீடுகளுக்கும் நடுவே நெருக்கியடித்து வாழும் மூலக்கொத்தளம், பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் போன்ற பகுதிகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் உண்டா? குத்துச் சண்டையையும் கால்பந்தையும் உயிராக மதிக்கும் வட சென்னைப் பிள்ளைகளுக்குத் துணிவைப் பற்றிப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சிமெண்டுத் தரை, இரண்டு வளையங்கள், மாலையில் வந்து நிற்கும் ஓர் ஆசிரியர் - இவையே அவர்களுக்குத் தேவை.

"விளையாட்டு சோறு போடுமா?" என்று நம் வீடுகளில் கேட்பது வழக்கம். போட்டிருக்கிறது என்பதற்குப் பெரம்பூரே சாட்சி. இனியும் போடுமா என்பதற்குப் பிள்ளைகள் பதில் சொல்ல முடியாது. களம் அமைக்க வேண்டிய நகரசபையாரும், வேலை கொடுக்க வேண்டிய ஆலை அதிபர்களும், துறைமுகத்தாரும், மகளை மாலையில் மைதானத்துக்கு அனுப்ப வேண்டிய பெற்றோர்களுமே பதில் சொல்ல வேண்டும்.