உங்களுக்குத் தெரியுமா? சாந்து இல்லாத ஊர்

பிரான்சின் தென்கிழக்கில், கோர்ட் என்ற மலையூருக்குப் பக்கத்தில் போரி கிராமம் இருக்கிறது. அங்கே சுவரும் கல், கூரையும் கல். நடுவே ஒரு கரண்டிச் சாந்துகூடக் கிடையாது. கூரையைத் தாங்க உத்தரமும் இல்லை!

பிறகு எப்படி நிற்கிறது? நிலத்தைத் திருத்தும்போது கிளம்பிய தட்டையான சுண்ணாம்புக்கற்களை வரிசை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு வரிசையும் அடியில் உள்ளதைவிடக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும். மேலே போகப் போக இடைவெளி குறுகி, உச்சியில் மூடிக்கொள்ளும். கல்லின் வெளி விளிம்பு லேசாகக் கீழே சாய்ந்திருப்பதுதான் சூட்சுமம். மழைத் தண்ணீர் உள்ளே எட்டிப் பார்க்காமல் வெளியே வழிந்துவிடும்.

பார்த்தால் கற்கால ஊர் என்றுதான் தோன்றும். உண்மையில் பெரும்பாலான குடில்களுக்குச் சில நூறு வயதுதான். ஆட்டுப்பட்டி, ரொட்டி அடுப்பு, பட்டுப்புழு வளர்க்கத் தனிக்குடில் என உழவர்கள் புழங்கிய இடம் இது. 19ஆம் நூற்றாண்டில் ஆளொழிந்து, புதர் மண்டிப்போனது. பியேர் வியாலா என்பவர் முன்னின்று, 1969 முதல் 1976 வரை பொறுமையாகச் சீரமைத்தார். மறு ஆண்டே அரசு இதை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

சாந்தில்லாமல் கல் அடுக்கும் இந்தக் கலையை 2018இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அப்போது பிரான்சோடு சேர்த்து எட்டு நாடுகள் அதற்கு உரிமை கொண்டாடின. அக்கம்பக்கத்தாரோ முன்பு இந்த ஊரைச் சும்மா ‘குடிசைகள்’ என்றுதான் சொல்லிவந்தார்கள்.